பதினெட்டுக்கு மறுநாள்

இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக்கின் பிறப்புப் பதிவில் இருப்பது 1988 பெப்ரவரி 4. வேலைவாய்ப்பு முகவர்கள் அவருக்கு எடுத்துக் கொடுத்த கடவுச்சீட்டில் இருந்ததோ 1982. அந்த ஆறு வருட வித்தியாசத்தோடு அவர் 2005 மே மாதம் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவுக்குப் போய் இறங்கினார். அதே மாதம் 22ஆம் திகதி, தவாத்மி என்ற ஊரில், அவருடைய பொறுப்பில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்துபோனது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரையேறியது என்றார் ரிசானா. கழுத்தை நெரித்துக் கொன்றார் என்றது வழக்கு. பொலிஸ் நிலையத்தில் அவர் ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தில் கையொப்பம் வைத்தார். பிறகு, அது வற்புறுத்தி வாங்கப்பட்டது என்று மறுத்தார். முதல் தீர்ப்பு வரும்வரை அவருக்குச் சட்டத்தரணி இல்லை. தமிழை ஒழுங்காக அரபுக்கு மாற்றிச் சொல்ல ஆளும் இல்லை. 2007 ஜூன் 16இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9இல் அது நிறைவேற்றப்பட்டது.

பிறப்புப் பதிவின்படி, குழந்தை இறந்த அன்று அவருக்கு வயது 17. பதினெட்டு வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்பது ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 37ஆவது உறுப்புரை. சவூதி அரேபியா அந்தச் சமவாயத்தை 1996இலேயே ஏற்றிருந்தது. ஆனால் சவூதி அதிகாரிகள் எடுத்துக்கொண்டது கடவுச்சீட்டில் இருந்த வயதை. போலி ஆவணம் தயாரித்ததற்காக முகவர்கள் இருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் பின்னர் இரண்டு வருடச் சிறை விதித்தது.

பதினேழு வயதில் ஒருவர் செய்ததற்கும் இருபத்து மூன்று வயதில் ஒருவர் செய்ததற்கும் ஒரே தண்டனை கூடாது என்று சட்டம் ஏன் நினைக்கிறது? சின்னப் பிள்ளை என்ற இரக்கம் மட்டும்தானா? கடந்த முப்பது வருடங்களாக நரம்பியல் சொல்லிவரும் பதில் இரக்கத்தைவிட உறுதியானது. அதே பதில், பதினெட்டு என்ற கோட்டையும் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கிறது.

மனித மூளை ஆறு வயதுக்குள் முழு அளவில் ஏறத்தாழ 90 வீதத்தை எட்டிவிடும். அதனால் சிறு பிராயத்திலேயே மூளை முடிந்த கதை என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 1991இல் தொடங்கி, அதே பிள்ளைகளை ஈராண்டுக்கு ஒருமுறை போலத் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படமெடுத்து வந்தார்கள். 1999இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலில் சாம்பல் நிறப் பகுதி பதினொரு, பன்னிரண்டு வயதுவரை தடித்து, அதன்பின் வருடக்கணக்கில் மெலிந்துகொண்டே போகிறது. இந்த மெலிவு நோயல்ல. பயன்படாத நரம்பு இணைப்புகள் கழிகின்றன. பயன்படும் இணைப்புகள்மேல் மயலின் என்ற கொழுப்புப் படலம் சுற்றிக்கொள்கிறது. மின்கம்பிக்கு உறை போட்டாற்போல, உறை வந்த நரம்பில் செய்தி பல மடங்கு வேகமாகவும் சிதறாமலும் ஓடும்.

இந்த வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் வழக்கு மன்றத்துக்குத் தேவையான செய்தி. நான்கு வயது முதல் இருபத்தொரு வயதுவரை தொடர்ந்து எடுத்த படங்களை அடுக்கி, அதே நிறுவனத்தைச் சேர்ந்த நித்தின் கொக்டேயும் உடன் பணியாற்றியவர்களும் 2004இல் காட்டியது இது: தொடுவுணர்வும் அசைவும் சார்ந்த பகுதிகள் முதலில் முதிர்கின்றன, பின்விளைவை எண்ணிப் பார்க்கும், வந்த ஆத்திரத்தை நிறுத்திவைக்கும் முன்புறணி கடைசிப் பட்டியலில் நிற்கிறது. பரிசையும் பரபரப்பையும் நாடும் உட்பகுதிகளோ பருவமடையும் காலத்திலேயே விழித்துக்கொள்கின்றன. முதலில் வேட்கை வருகிறது. கடிவாளம் வர இன்னும் பத்து வருடமாவது ஆகும்.

அப்படியானால் பதினேழு வயதுக்காரருக்கு நல்லது கெட்டது தெரியாதா? தெரியும். கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ரியூசன் வகுப்புகளுக்குப் போய்ப் பார்த்தால் புரியும். உயர்தரப் பரீட்சைக்காக இணைந்த கணிதம் செய்யும் பிள்ளைகள் பெரியவர்கள் பலருக்குத் தலைசுற்றும் கணக்குகளை நிதானமாகப் போடுகிறார்கள். யாரும் அவசரப்படுத்தாமல், பயமோ கோபமோ இல்லாமல், யோசிக்க நேரம் இருக்கும்போது பதினாறு வயது மூளை பெரியவர் மூளைக்கு இளைத்ததல்ல. உளவியலாளர் லோரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தியா, கென்யா, சுவீடன் உட்படப் பதினொரு நாடுகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். தர்க்க அறிவு பதினாறு வயதளவில் பெரியவர் மட்டத்தைத் தொட்டது. தன்னை அடக்கிக்கொள்ளும் ஆற்றல் இருபதுகளுக்குள்ளும் வளர்ந்துகொண்டே போனது. பண்பாடுகள் மாறினாலும் இந்த இடைவெளி பெரிதாக மாறவில்லை.

ஒரே பிள்ளைதான், பரீட்சை மண்டபத்தில் ஒருவர், இரவு பத்து மணிக்கு நாலு நண்பர்களோடு மோட்டார் சைக்கிளில் இன்னொருவர். இந்த இரண்டாமவரை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்தவர்களும் உண்டு. மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் 306 பேரைக் கணினியில் ஒரு கார் விளையாட்டு ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எந்த நேரத்திலும் விழலாம். தூரம் போகப் போகப் புள்ளி கூடும், மோதினால் எல்லாம் போகும். தனியே ஆடியபோது வயதுக்கு வயது அதிக வேறுபாடு இல்லை. கூட இருவர் நின்று பார்த்தபோது பதின்வயதினர் எடுத்த ஆபத்து இரு மடங்கைத் தாண்டியது. 18 முதல் 22 வயதுவரையானவர்களிடம் பாதியளவு கூடியது. இருபத்து நான்கைத் தாண்டியவர்களிடம் மாற்றமே இல்லை.

இந்த முடிவை இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். பொது எண்ணத்தோடு பலர் சேர்ந்து ஒரு குற்றம் செய்தால், ஒவ்வொருவரும் அதைத் தனியே செய்ததுபோலவே பொறுப்பாளி என்கிறது அந்தப் பிரிவு. கத்தியை வைத்திருந்தவரும் பக்கத்தில் நின்றவரும் ஒரே கூண்டில் நிற்கலாம். வளர்ந்தவர்கள் கூடித் திட்டமிட்ட கொலைக்கு அது நியாயமான விதி. ஆனால் பதின்வயதினர் குற்றம் செய்வது பெரும்பாலும் கூட்டாகத்தான். தனியே இருந்திருந்தால் செய்திருக்க மாட்டார் என்று சொல்லத்தக்க பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் எப்போதும் இருப்பார்கள். மூளை எந்த இடத்தில் மிகவும் பலவீனமாக இருக்கிறதோ, அதே இடத்தில் சட்டம் எல்லாருக்கும் முழு எடையை ஏற்றுகிறது.

அந்த எடை எவ்வளவு என்பதைக் கொழும்புப் புதுக்கடை நீதிமன்றங்களுக்குப் போய்வருகிற எவரும் அறிவார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவு ஒரே வரிதான்: கொலை செய்தவருக்கு மரண தண்டனை. நீதிபதிக்குத் தெரிவு கிடையாது. குற்றம் நிரூபிக்கப்பட்டால் வயது, வறுமை, திருந்தும் வாய்ப்பு எதையும் எடைபோட்டு அவர் வேறு தண்டனை கொடுக்க முடியாது. 53ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்மேல் மரண தண்டனை விதிப்பதைத் தடுக்கிறது. ஆக, பதினெட்டுக்கு முதல் நாள் மரண தண்டனைக்கு இடமே இல்லை. மறுநாள் அதைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. மூளையின் வளர்ச்சியில் இப்படி ஒரு செங்குத்துப் பள்ளம் எங்கேயும் காணக் கிடைக்கவில்லை.

இலங்கையில் 1976 ஜூன் 23க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பது உண்மை. அது சட்டத்தின் காவல் அல்ல. ஜனாதிபதிகள் கையொப்பம் போடாமல் விட்ட வழக்கம். அந்த வழக்கம் எவ்வளவு மெல்லியது என்பது 2019 ஜூனில் தெரிந்தது. அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நால்வரைத் தூக்கிலிடும் ஆணைகளில் கையொப்பமிட்டுவிட்டார். உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால்தான் தூக்குமேடை திறக்கப்படாமல் போனது. இதற்கு முன்னும் ஒரு தடவை கயிறு திரும்பி வந்திருக்கிறது. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசாங்கம் மரண தண்டனையை இடைநிறுத்தியது. 1959இல் அவரே கொல்லப்பட்டதும் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அவரைச் சுட்ட சோமராம தேரர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். நாட்டின் கோபம் மாறும்போது வழக்கம் மாறும். சட்டத்தில் எழுதியிருப்பதே நிற்கும்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி நேருக்கு நேர் விவாதிக்கப்பட்டது. கிறிஸ்டோஃபர் சிம்மன்ஸ் 1993இல் மிசூரி மாநிலத்தில் ஒரு பெண்ணைக் கட்டிப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிக் கொன்றபோது வயது 17. அது ஆத்திரத்தில் நடந்ததல்ல. முன்கூட்டியே திட்டமிட்டு, வயது குறைவு என்பதால் தப்பிவிடலாம் என்று கூட்டாளிகளுக்குச் சொல்லியிருந்தார். இவ்வளவு கொடிய வழக்கில்தான் 2005 மார்ச் 1இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பதினெட்டுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை அரசியலமைப்புக்கு முரண் என்றது. 72 பேரின் உயிர் தப்பியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் கென்னடி மூன்று காரணங்களைக் காட்டினார்: முதிர்ச்சிக் குறைவு, சுற்றத்தின் அழுத்தத்துக்கு எளிதில் வளைவது, குணம் இன்னும் உருவாகி முடியாதது.

மாறுபட்ட நீதியரசர் ஸ்காலியா ஒரு கூர்மையான கேள்வி எழுப்பினார். கருக்கலைப்பு வழக்கில் பதின்வயதினருக்குப் போதிய முதிர்ச்சி உண்டு என்று வாதாடிய அதே உளவியலாளர் சங்கம், இப்போது முதிர்ச்சி இல்லை என்கிறதே? நேர்மையான கேள்விதான். பதில், தர்க்க அறிவும் தன்னடக்கமும் வளரும், முன்னே சொன்ன இரண்டு வேகங்களில் இருக்கிறது. மருத்துவரோடு பேசி, நாட்கணக்கில் யோசித்து எடுக்கும் முடிவுக்கும், இருட்டில் நண்பர்கள் நடுவே நொடியில் எடுக்கும் முடிவுக்கும் மூளையின் வேறு வேறு ஆற்றல்கள் வேண்டும். ஆனால் சிம்மன்ஸ் செய்தது நொடியில் அல்லவே என்று யாரும் கேட்கலாம். அவருக்கு உதவுவது மூன்றாவது காரணம். பதினேழில் கொடூரமாக இருந்த ஒருவர் முப்பதில் எப்படி இருப்பார் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த 1,037 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு டெரி மொஃபிட் 1993இல் எழுதியதும் இதுதான்: இளவயதில் சட்டத்தை மீறுகிறவர்களில் பெரும்பாலோர் வளர்ந்ததும் விட்டுவிடுகிறார்கள், ஒரு சிறு பகுதியினரே தொடர்கிறார்கள். சிறைத்தண்டனை என்றால் காலம் காட்டிக்கொடுக்கும். தூக்கு, காலத்தையே எடுத்துவிடுகிறது.

இங்கே அறிவியல் சொல்லாததையும் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. படம் ஒன்றைப் பார்த்து இவர் பதினேழா பத்தொன்பதா என்று கூற முடியாது. இவரால் தன்னை அடக்கிக்கொண்டிருக்க முடியுமா முடியாதா என்று கூறவே முடியாது. கண்டறியப்பட்டவை எல்லாம் கூட்டத்தின் சராசரி. இருபத்தைந்தாம் பிறந்தநாளில் மூளை முதிர்ந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதும் சுருக்கிச் சொன்ன கதைதான். அப்படி ஒரு மணி அடிப்பதில்லை. முதிராத மூளை உள்ள எல்லாரும் கொலை செய்வதுமில்லை. ஆகவே மூளை வளர்ச்சி யாரையும் நிரபராதி ஆக்காது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்குக் கொன்றவரின் வயது ஆறுதலும் அல்ல. அறிவியல் குறுக்கிடுவது ஒரே இடத்தில்: பொறுப்பு முழுமையாக இல்லாதபோது, தண்டனைகளிலேயே முழுமையான ஒன்றை எப்படி விதிப்பது?

மூளையின் இளமை குற்றம் நடந்த நொடியோடு முடிவதில்லை. விசாரணை அறையில் அது இன்னும் பலவீனமாக நிற்கிறது. அலிசன் ரெட்லிக், கெயில் குட்மன் இருவரும் 2003இல் ஒரு சோதனை செய்தார்கள். தட்டச்சு வேலையின் நடுவே கணினி நின்றுவிடும். தொடக்கூடாத விசையை நீ தொட்டுவிட்டாய் என்று பங்கேற்றவர் மேல் பழி விழும். யாரும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் இளவயதினரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஒப்புக்கொண்டு கையொப்பம் போட்டார்கள். இளம் பெரியவர்களிலும் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர். இந்த அறையை விட்டு இப்போது வெளியே போனால் போதும் என்ற எண்ணம், பல வருடம் கழித்து வரப்போகும் விளைவை மறைத்துவிடுகிறது. பொய்யென்று பின்னர் நிரூபணமான 125 ஒப்புதல்களைச் சேர்த்து ஸ்டீவன் டிரிசினும் ரிச்சர்ட் லியோவும் 2004இல் ஆராய்ந்தபோது, மூன்றில் ஒரு பங்கு பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுடையது.

இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டம் இதைப் பழைய காலத்திலேயே உணர்ந்திருந்தது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட முடியாது என்கிறது 25ஆம் பிரிவு. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அந்தக் கதவைத் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்டவரிடம் கொடுத்த ஒப்புதல் செல்லும். கட்டாயப்படுத்தி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமை எதிரியின் தலையில். மட்டக்களப்பு இளைஞர் நல்லரத்தினம் சிங்கராசா 1993இல் பிடிபட்டார். அவர் வாசிக்க அறியாத சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதலில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அதை வைத்தே கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு இதை உரிமை மீறல் என்றது.

போர்க் காலத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் கடவுச்சீட்டுக்காகவும் விசாவுக்காகவும் காத்திருந்த இளம் வயதினர் பலருக்கு அந்த விசாரணை அறைகள் கேள்விப்பட்ட கதையல்ல. 2007 ஜூன் 7இல் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அப்போது ஒருவரின் வயது, ஊர், பெயர் எல்லாம் கையிலுள்ள ஒரு தாளைப் பொறுத்தே இருந்தது.

தாள் பொய்யானால் அல்லது தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு வழக்கு உண்டு. 1994இல் பூனாவில் நடந்த கொலைகளுக்காக நாராயண் சேத்தன்ராம் சவுத்ரி மரண தண்டனை பெற்றார். ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவேடு, குற்றம் நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டரை வயது என்று காட்டியது. அதை இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்று அவரை விடுவித்தது 2023 மார்ச்சில். அதற்குள் 28 வருடங்கள் சிறையில் கழிந்திருந்தன. மணிக்கட்டு எலும்பை எக்ஸ்-ரே எடுத்தாலும் பல்லைப் பார்த்தாலும் வயதை ஒன்றிரண்டு வருடப் பிழையோடுதான் சொல்லலாம். மரண தண்டனையை ஒரு பிறந்தநாளில் தொங்கவிடும் சட்டத்துக்கு அந்தப் பிழை தாங்காது. மூளையில் பதினேழரைக்கும் பதினெட்டரைக்கும் பிரித்துக் காட்டத்தக்க வித்தியாசம் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கோட்டை இன்னும் மேலே தள்ளிப் போடுவதுதான் பாதுகாப்பு. மசாசூசெட்ஸ் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில், விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையை 18 முதல் 20 வயதுவரையானவர்களுக்கும் விதிக்கக்கூடாது என்றபோது இந்த நரம்பியல் ஆதாரங்களையே எடுத்துக்காட்டியது.

இலங்கைக்கு இது அந்நிய யோசனையும் அல்ல. 1939இலேயே இயற்றப்பட்ட இளங்குற்றவாளிகள் பயிற்சிப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், 16க்கும் 22க்கும் இடைப்பட்டவர்களைத் தனி வகுப்பாகப் பார்த்து, சிறைக்குப் பதில் பயிற்சிப் பாடசாலைக்கு அனுப்ப வழி செய்தது. வதுபிட்டிவலப் பாடசாலை அதன்கீழ் வந்தது. எம்.ஆர்.ஐ. கண்டுபிடிக்கப்படாத காலத்தில் எழுதியவர்கள் இருபத்திரண்டு என்று தொட்டிருக்கிறார்கள். 2018இல் நாடாளுமன்றம் குற்றப் பொறுப்பின் தொடக்க வயதை எட்டிலிருந்து பன்னிரண்டாக உயர்த்தி, பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில் பிள்ளையின் முதிர்ச்சியை நீதவான் பார்த்து முடிவுசெய்ய வேண்டும் என்றது. ஏணியின் கீழ்ப்படியில் செய்த திருத்தத்தை மேற்படியிலும் செய்யலாம். 53ஆம் பிரிவின் பதினெட்டை இருபத்தொன்று ஆக்கவும், 296ஆம் பிரிவில் நீதிபதிக்கு வயதை எடைபோடும் உரிமை கொடுக்கவும், சட்டத்தரணி பக்கத்தில் இல்லாமல் இந்த வயதினரிடம் எடுத்த எந்த வாக்குமூலமும் செல்லாது என்று எழுதவும் ஒரு திருத்தச் சட்டமூலம் போதும். அதை வரைவதற்கு வேண்டிய ஆதாரமெல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.